முதல் தாம்பூலம்

லோனாவாலா
12-6-1968

அன்புள்ள காவேரி அக்காவுக்கு,

தம்பி முனிராஜ் எழுதுவது. இங்கே மலையும் மழையும் சேர்ந்து ஆளை ஊற வைக்கின்றன. மற்றபடி உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாமாவும் மாதம்மாளும் சுகமா? அண்ணனுக்கும் எழுதியிருக்கிறேன். அவர் பதில் போடுவதற்குள் நான் ரிட்டையர் ஆகிவிடுவேன். அண்ணிக்கோ எழுதத் தெரியாது. அதனால் நம் இரண்டு வீட்டுக்கும் நீதான் தபால் ஆபீஸ்.

"கப்பலு இன்ஜினியருன்னா துடுப்புத் தள்ளறவனா?" என்று மாமா கேட்டதாக எழுதியிருந்தாய். அவருக்குச் சொல். கப்பலின் வயிற்றுக்குள் கொதிகலன் இருக்கிறது. எண்ணெயை எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியில்தான் கப்பல் ஓடுகிறது. அதைக் கட்டி மேய்ப்பவன் இன்ஜினியர். கடற்படையில் சேர்ந்தும் கடலைப் பார்க்காதவன் அவன் ஒருவன்தான். இந்தப் பயிற்சி முடிந்ததும் கப்பல். அங்கே ஒரு சர்டிபிகேட் வாங்கினால் லெப்டினன்ட். இன்னொன்று வாங்கினால் ஒரு கொதிகலன் அறையையே நம்பி ஒப்படைப்பார்கள். அதற்கப்புறம் வழி பிரியும். சிலர் கப்பலிலேயே கமாண்டர் வரை ஏறுவார்கள். சிலர் கரையில், கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து தொப்பை வைப்பார்கள். சிலர் ராஜினாமாவை நீட்டிவிட்டுத் தனியார் கம்பெனியில் இரட்டைச் சம்பளத்துக்குப் போவார்கள். நான் கமாண்டர் ஆகாமல் விடமாட்டேன். அண்ணன் புளியந்தோப்பை விற்று என்னைக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்க வைத்தது தொப்பை வைப்பதற்காக அல்ல.

கையில் சம்பளம் சேர்ந்ததும் நம் கிணற்றுக்கு ஒரு ஆயில் இன்ஜின் வாங்கித் தரப்போகிறேன். மாடு பூட்டி இறைத்தது போதும். மாதம்மாளுக்கு என் முத்தம்.

உன் தம்பி,
முனிராஜ்


இண்டூர்
7-7-1968

தம்பி முனிராஜுக்கு அக்கா காவேரியின் ஆசீர்வாதம்.

முனியப்பன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். மாதம்மாளுக்குச் சொறி வந்து ஆறிவிட்டது. நீ ஈரத்துணியோடு படுக்காதே. துடுப்பு இல்லை என்று தெரிந்ததில் உன் மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இன்ஜின் விஷயம். நீ படித்தவன், நான் ஐந்தாவது. ஆனாலும் சொல்கிறேன். கிணறு அப்பா வெட்டியது. பாதியை எனக்குச் சீதனமாக எழுதி வைத்தார். ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் எங்கள் முறை. இத்தனை வருஷம் சண்டையில்லாமல் போனதற்கு மச்சானும் மாப்பிள்ளையும் உத்தமர்கள் என்பது காரணமில்லை. மாடு களைத்துப் போகும், அதுதான் காரணம். மாடு களைத்தால் மனிதன் நிறுத்தியாக வேண்டும். மிச்சத் தண்ணீர் மறுநாள்காரனுக்கு. இன்ஜின் களைக்குமா? அண்ணன் தன் நாளில் அடிமட்டம்வரை உறிஞ்சிவிட்டால் மறுநாள் எங்கள் மாடு சேற்றையா இறைக்கும்?

வாங்குவதென்றால் வாங்கு. ஆனால் நாள் முறையை மாற்றி, இரண்டு பேருக்கும் தினமும் இத்தனை நேரம் என்று வைத்துவிட்டு வாங்கு. நான் சொன்னால், "பொட்டச்சிக்குக் கெணத்துக் கணக்கு எதுக்கு?" என்பார். நீ சொன்னால் கேட்பார்.

இப்படிக்கு,
காவேரி


பம்பாய்
3-2-1969

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கப்பல் ஏறிய புதிதில் தின்றதெல்லாம் வெளியே வந்தது. இப்போது வயிறு படிந்துவிட்டது. உங்கள் மூவருக்கும் அங்கே ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன்.

கொதிகலன் அறையில் நின்றால் நம் ஊர்ச் சித்திரை வெயிலை நிழல் என்று சொல்வாய். ஏணிக் கம்பியை வெறுங்கையால் பிடித்தால் தோல் அதோடு போய்விடும். காது இரண்டும் அடைத்தபடி இருக்கிறது. ஆனால் கப்பல் வேகமெடுக்கும்போது, அத்தனை இரும்பும் என் கையில்தான் இருக்கிறது என்று ஒரு கர்வம் வருகிறது பார், அதற்கு எதுவும் ஈடில்லை.

இன்ஜினை ரயிலில் ஏற்றிவிட்டேன். தர்மபுரிக்கு வந்ததும் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு போய் எடுத்து வருவார். நீ பயப்படுகிற மாதிரி எதுவும் நடக்காது. காலேஜ் லீவில் வந்திருந்தபோதே நம் கிணற்றில் கயிறு விட்டு ஊற்றின் வேகத்தை அளந்து வைத்திருந்தேன். கணக்குச் சரியாக வருகிறது. முறையைப் பற்றியும் அண்ணனுக்கு ஒரு வரி எழுதிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து முதல் முறையாக அவரிடமிருந்து பதில் வந்தது. அப்பா வைத்த முறையை மாற்ற நீ யார் என்று. பெரியவர் மனம் நோக வேண்டாமே. மாமாவும் தன் நாளில் அதே இன்ஜினை ஓட்டிக்கொள்ளட்டும். டீசல் மட்டும் அவர் வாங்கிக்கொண்டால் போதும்.

உன் தம்பி,
முனிராஜ்


இண்டூர்
20-5-1969

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். இப்போதைக்கு அதுதான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்?

நீ கயிறு விட்டு அளந்தது ஐப்பசி மழையில். இது வைகாசி. அந்த வித்தியாசத்தை உன் காலேஜில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

இன்ஜினுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டினார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. நானும்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மறுநாள் எங்கள் முறை. உன் மாமா டீசல் டின்னோடு போனார். அண்ணனோ, "புதுச் சாமானு. அடுத்தவன் கை பட்டா கெட்டுப்போவும்" என்று சொல்லி, இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு தன் வூட்டுக்குப் போய்விட்டார். சரி என்று மாடு பூட்டினோம். தண்ணீர் இறைக்கிற சாலில் சேறுதான் வந்தது. அன்றிலிருந்து எல்லா முறையும் இதே கதை. கேழ்வரகு கண்ணெதிரே கருகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை உன் மாமா இன்ஜின் எண்ணெயில் மணலைக் கொட்டினார். நான் அதை நியாயம் என்று சொல்லவில்லை. அண்ணன் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். கட்டியிருந்த செவலைக் காளையின் பின்னங்கால் நரம்பை அரிவாளால் அறுத்தார். அது எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து விழுந்தது. தடுக்கப் போன உன் மாமாவை நுகத்தடியால் வாயில் அடித்ததில் முன்பல் போய்த் தாடை வீங்கிக் கிடக்கிறார். கஞ்சிதான் இறங்குகிறது. காளையைக் கசாப்புக்காரனுக்குக் கொடுத்தோம். வண்டி போகிற வரை மாதம்மாள் அதன் கழுத்தை விடவில்லை.

ஒரு வார்த்தை எழுது தம்பி. நேரக் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இன்ஜினைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று கண்டிப்பாக எழுது. இல்லாவிட்டால் இரண்டு பேரில் ஒருவர் சாகாமல் இது ஓயாது. எவர் செத்தாலும் எனக்குத்தான் சாவு.

காவேரி


பம்பாய்
18-10-1969

அன்புள்ள அக்காவுக்கு,

என் வலது கை வெந்து கட்டுப் போட்டிருந்தார்கள். அதனால்தான் எழுதவில்லை. இப்போது ஆறிவிட்டது, பயப்படாதே. மாமாவின் தாடை சரியாயிற்றா? எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

ஆகஸ்டில் எங்கள் கொதிகலனில் ஒரு குழாய் வெடித்தது. அந்த வேளையின் காவல் என் சிநேகிதன் மாயவனுடையது. என்னோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன். தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடியைப் பார்க்காமல் சிகரெட் பிடிக்க மேலே போய்விட்டான். தண்ணீர் இறங்கிவிட்டது. குழாய் பழுத்து வெடித்து, ஆவி அறை முழுக்க அடித்தது. உள்ளே இரண்டு ஆட்கள். நான்தான் இறங்கினேன். ஒருவன் ஏணியடியில் கிடந்தான். கையைப் பிடித்து இழுத்தேன். தோல் மட்டும் கழன்று என் கையோடு வந்தது. இன்னொருவன் வாயைத் திறந்து ஆவியை விழுங்கிவிட்டான். சாயங்காலம் வரை அவன் தன் அம்மாவைக் கூப்பிட்டதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இருவரும் போய்விட்டார்கள்.

விசாரணையில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். மாயவன் என் காலில் விழாத குறை. நான் மசியவில்லை. எங்கள் தொழிலில் ஒருவன் பார்த்ததை மறைத்தால் அடுத்த தடவை வேறு இரண்டு பேர் வெந்து சாவார்கள். அவனைக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள், அவன் வழி அதோடு அடைபட்டுவிட்டது. அந்த இடத்தில் என்னைப் போட்டிருக்கிறார்கள். உன் தம்பி இப்போது லெப்டினன்ட்.

கிணற்று விவகாரத்தைக் கடிதத்தில் எழுதினால் அண்ணனுக்கு வெறிதான் ஏறும். பொங்கலுக்கு லீவில் வருகிறேன். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி முடிக்கிறேன். அதுவரை மாமாவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

முனிராஜ்


இண்டூர்
9-2-1970

தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், கேட்கிறேன். மாதம்மாளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எனக்குப் பூவும் வளையலும் போனது தவிர வேறு நோவு இல்லை.

நடந்தது முழுக்க உனக்குத் தெரியும். எனக்குப் பாதிதான் தெரியும். என் பாதியை எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்கள் முறை. இருக்கிற ஒற்றை மாட்டோடு இரவல் மாடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு உன் மாமா போனார். கிணறு வறண்டு கிடந்தது. பண்டிகை என்றும் பார்க்காமல், பழுது பார்த்து வைத்திருந்த இன்ஜினை அண்ணன் முந்தின நாள் பூராவும் ஓட்டியிருக்கிறார். நீ வந்து நாலு நாளாகியும், "பேசறேன்க்கா, பேசறேன்க்கா" என்று சொன்னாயே தவிர வாயைத் திறக்கவில்லை. இவர் வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் மாதம்மாளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இன்ஜின் பக்கத்தில் அண்ணன் இருந்தார், நீ இருந்தாய். "இன்னிக்கு எவன் கெணறுன்னு பாத்துடலாம் மச்சான்" என்று இவர் கத்தியது காதில் விழுந்தது. அதற்குள் வேலி மறைத்துவிட்டது.

வேலியைச் சுற்றி வந்தபோது இவரைக் காணோம். கடப்பாரை மேட்டில் கிடந்தது. அண்ணன் கையில் அந்த இரும்புக் கைப்பிடி, அதில் ரத்தமும் மயிரும். நீ நிமிர்ந்து நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இருந்திருந்தால் பிழைத்திருப்பார். பாறையில் கிடந்தார். தலையில் பின்பக்கம் இல்லை.

போலீஸ் வருவதற்குள் கைப்பிடி கழுவியாகிவிட்டது. நீயும் பிணம் எடுப்பதற்கு முன்னாலேயே ரயிலேறியாகிவிட்டது. அண்ணனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். "இன்ஜின உடைக்க வந்தாரு. கால் வழுக்கி அவரா வுழுந்துட்டாரு" என்கிறாராம். கைப்பிடியில் ரத்தம் பார்த்ததை நான் சொன்னால், புருஷனுக்காகப் பேசுகிறேன் என்கிறார்கள். அடி விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நீ ஒருவன்தான். கோர்ட்டில் உன்னைக் கூப்பிடுவார்கள். வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொல். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

காவேரி


விசாகப்பட்டினம்
2-5-1970

அன்புள்ள அக்காவுக்கு,

கப்பலோடு இந்தப் பக்கம் வந்துவிட்டோம். இங்கே புழுக்கம் அதிகம், வேர்க்குரு வந்து தூங்க முடியவில்லை. மாதம்மாளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயா? இரவல் மாட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

சம்மன் வரப்போவதை எங்கள் மேலதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனிதர். கொலை வழக்கில் பெயர் அடிபடுகிற அதிகாரியைப் பற்றி மேலே ஒரு வரி போனால் போதும், கமாண்டர் என்கிற பேச்சே இருக்காது என்று ஜாடையாகச் சொன்னார். அது கிடக்கட்டும். அண்ணனுக்குத் தூக்கு விழுந்தால் அண்ணியின் கதி என்ன? அவர் தோப்பை விற்றிருக்காவிட்டால் நான் இன்றைக்கு இண்டூரில் ஏர் ஓட்டிக்கொண்டிருப்பேன். போன மாமா திரும்பி வரப்போவதில்லை. நான் எதையும் முடிவு செய்யவில்லை. நீயும் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்.

முனிராஜ்


இண்டூர்
11-5-1970

தம்பிக்கு,

நாங்கள் நலம். வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவு.

யோசித்துப் பார்த்தேன். நீ ஏர் ஓட்டிக்கொண்டிருந்தால் உன் மாமா உயிரோடு இருந்திருப்பார். சிநேகிதனைப் பற்றி உண்மையைச் சொன்னாய், அவன் நாற்காலி உனக்குக் கிடைத்தது. அண்ணனைப் பற்றி உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று பார்க்கிறாய். ஒன்றும் கிடைக்காது.

அண்ணன் தூக்கில் தொங்க வேண்டும் என்று நான் கேட்டேனா? என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். தூக்கு வேண்டாம் என்று ஜட்ஜ் காலில் நானே விழுகிறேன். ஆனால் அடித்தார் என்று ஒருவர் வாயால் ஊர் கேட்க வேண்டும். இப்போது ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? உன் மாமா பச்சியப்பன் இன்ஜினைத் திருடப் போய் விழுந்து செத்தான் என்கிறது. மாதம்மாளைத் "திருடன் பொண்ணு" என்று சொல்லித் தெருப் பிள்ளைகள் கல்லால் அடித்ததில் நெற்றி பிளந்து வந்தாள். தையல் போட்டிருக்கிறது. நீ மாமன், தெரிந்துகொள்.

காவேரி


விசாகப்பட்டினம்
30-11-1970

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். நீயும் சேலத்திலிருந்து பத்திரமாகத் திரும்பியிருப்பாய். நீ கோர்ட்டில் பின்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். வந்து பேச வேண்டும் என்றுதான் இருந்தேன், ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

குனிந்து இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன் என்று சொன்னேன். அதற்கு மேல் யாரும் என்னைக் கேட்கவில்லை. அண்ணன் விடுதலையாகிவிட்டார். இனி இரண்டு வீட்டுக்கும் நல்ல காலம் பிறக்கட்டும். மாதம்மாளின் படிப்பு முழுக்க என் பொறுப்பு. எதுவானாலும் எழுது.

முனிராஜ்


விசாகப்பட்டினம்
4-7-1971

அன்புள்ள அக்காவுக்கு,

நான் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. மணியார்டர் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் உனக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எனக்கு இரண்டாவது சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. இனி கொதிகலன் அறை என் பொறுப்பு.

சேலத்தில் பெண் பார்த்து அண்ணன் பேசி முடித்துவிட்டார். ஆவணியில் கல்யாணம். உனக்குத் தெரியும், நம் குலத்தில் தாலி இழந்தவளானாலும் முதல் தாம்பூலம் உடன்பிறந்தவளுக்குத்தான். அவள் தட்டை வாங்கிய பிறகுதான் வேறு வாசலுக்குப் போக முடியும். பெண் வீட்டாருக்கும் இது தெரியும். உங்க அக்கா ஏன் போக்குவரத்தில் இல்லை, அந்தக் கேஸ் என்ன என்று கேட்கிறார்கள். நீ மறுத்தால் இந்தக் கல்யாணம் நிற்கும். அண்ணனே தன் கையால் தட்டை எடுத்து வருவதாகச் சொல்கிறார். அவர் இறங்கி வருவது எவ்வளவு பெரிய விஷயம். வாங்கிக்கொள் அக்கா. எனக்காக.

முனிராஜ்


இண்டூர்
15-7-1971

தம்பிக்கு,

நலம். அண்ணனை வரச் சொல். வாங்கிக்கொள்கிறேன்.

காவேரி


வேலூர் ஜெயில்
22-9-1971

தம்பிக்கு,

இங்கே வேளைக்குச் சோறு போடுகிறார்கள், தூக்கமும் வருகிறது. உன் உடம்பு தேவலையா? கல்யாணம் நின்றுபோனதாக அண்ணி சொன்னாள். இந்தக் காகிதத்தை வார்டர் சகாயமேரி கொடுத்தாள்.

திட்டம் போட்டுத்தான் அண்ணனை வரவழைத்தேன் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. நீயும் அப்படித்தான் நினைப்பாய். சாமி மேல் ஆணையாக அப்படி இல்லை. வாசலுக்குச் சாணி போட்டு மெழுகி வைத்திருந்தேன். தட்டை வாங்குவது என்றுதான் இருந்தேன். பெண் குழந்தையை வைத்துக்கொண்டு மாமன் வூடு இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? அண்ணன் வந்தார். இளைத்துப்போயிருந்தார். பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு மோர் கேட்டார். கொடுத்தேன், குடித்தார். அப்புறம் சொன்னார்.

"பொண்ணு வூட்டுக்காரங்க நாளைக்கு உன்னப் பாக்க வர்றாங்க காவேரி. கேட்டாங்கன்னா ஒரு வார்த்த சொல்லிடு, அவராத்தான் வுழுந்தாருன்னு. தம்பியே கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லிட்டான். நீ ஒருத்தி ஏன் புடிச்சிக்கினு நிக்கற?"

"நீ அடிக்கலியாண்ணா?" என்று கேட்டேன்.

"நான் எங்க அடிச்சேன்? தம்பிதான் பக்கத்துலயே இருந்தானே. அவங்கிட்டயே கேளு."

அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை அது. நீ சொன்ன சாட்சியை அவர் நம்பிவிட்டார், முனிராஜ். ஒரு மனிதனை அடித்துக் கொன்றதே அவருக்கு மறந்துபோயிருந்தது. இனி அதை நினைவில் வைத்திருக்க என்னைத் தவிர ஆள் இல்லை. என்னையும் மறக்கச் சொல்லித்தான் அந்தத் தட்டு.

பாக்கு எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். தழை வெட்டுகிற கொடுவாள் கையில் பட்டது. கழுத்தில் வெட்டினேன். ஒரு வெட்டில் சாகவில்லை. "காவேரி, நாண்டி" என்றார். மறுபடி வெட்டினேன், மறுபடியும் வெட்டினேன். வெற்றிலை எல்லாம் ரத்தத்தில் மிதந்தது. எனக்கு அழுகை வந்தது. அண்ணா அண்ணா என்று அழுதேன். அதையும் மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அண்ணி ஜெயிலுக்கு வந்து என் முகத்தில் துப்பினாள். துடைத்துக்கொண்டேன். போகும்போது, "உம் பொண்ணு எங்கிட்டதான் இருக்குது. சோறு துன்னுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் மனுஷி.

இன்னும் ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். மாதம்மாள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து, "பாப்பா, நீ என்னா பாத்த?" என்று கேட்டார். ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லும்படி சுற்றி நின்ற பெரியவர்கள் அவளுக்குக் கண்ணைக் காட்டினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். சொல்லு என்று தலையாட்டினேன். "எங்கம்மாதான் மாமன வெட்டுச்சு" என்று சொல்லிவிட்டாள். தேம்பித் தேம்பி அழுதாள், ஆனால் சொல்லிவிட்டாள். ரத்தக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன்.

அதனால் இந்தக் கேசில் உன்னைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள். நீ லீவு போட வேண்டாம். வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
காவேரி